உலுக்கினவர் ஒருத்தர், பொறுக்கினவர் ஒருத்தர்

ஒரு எம்.பி.யைத் தொகுதியில் ஏகப்பட்ட பேருக்குப் பிடிக்கவில்லை. பேப்பரில் திட்டுகிறார்கள். டி.வி.யில் கிழிக்கிறார்கள். சொந்தக் கட்சிக்காரர்களே அவர் பெயரைச் சொன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குத் தாவுகிறார்கள். தேர்தல் வருகிறது. ஓட்டு எண்ணி முடித்தால், அவரே ஜெயித்திருக்கிறார்!

எப்படி சார் இது?

சிலருக்கு கிரிக்கெட் பைத்தியம், சிலருக்குச் சீட்டாட்டம். எனக்கு அமெரிக்கத் தேர்தல். அதுவும் ஜனாதிபதி தேர்தல் இல்லை, அதைத்தான் உலகமே பார்க்கிறதே. சோளக்கொல்லைகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நடக்கிற காங்கிரஸ் தேர்தல்கள்தான் எனக்கு ருசி. (காங்கிரஸ் என்றதும் கதர்ச் சட்டையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பார்லிமெண்டுக்கே அதுதான் பெயர்.) அதன் கீழ்ச் சபையில் 435 பேர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தேர்தல். ஜெயித்தவர் போட்ட மாலை வாடுவதற்குள் அடுத்த தேர்தலுக்கு வசூல் ஆரம்பித்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். அங்கே சீட் கொடுப்பது மேலிடம் இல்லை. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்கு ஓட வேண்டாம். 'பிரைமரி' என்று ஒரு முன்தேர்தல் வைத்து, கட்சியின் வேட்பாளர் யார் என்பதை ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். இந்தப் பிரைமரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் கத்தி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சோளம், மறுபடியும் சோளம்

அமெரிக்காவின் நடுவயிற்றில் அயோவா என்று ஒரு மாநிலம். மக்கள் சுமார் 30 லட்சம். பன்றிகள் இரண்டு கோடிக்கு மேல். (பன்றிகளுக்கு ஓட்டு இல்லை. இருந்தால் தேர்தல் பிரசாரமே வேறு மாதிரி இருக்கும்.)

2018 அக்டோபரில் அங்கே போயிருந்தேன். என் தங்கை மகன் அயோவாவில் ஏம்ஸ் என்ற ஊரில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை ஸூ சிட்டி வரைக்கும் காரில் கிளம்பினோம். ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளம். அப்புறம் மக்காச்சோளம். போரடிக்கக் கூடாதே என்று நடுநடுவே சோயா.

"மாமா, ஜன்னலை ஏத்துங்க."

"ஏண்டா, காத்து ஜிலுஜிலுன்னு வருதே?"

"இன்னும் ரெண்டு நிமிஷத்துல வேற ஒண்ணு வரும்."

வந்தது. பன்றிப் பண்ணை. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"இந்தத் தொகுதிக்கு எம்.பி. யாருடா?"

"ஸ்டீவ் கிங். ரிபப்ளிகன் கட்சி. 2002-லேர்ந்து ஜெயிச்சுக்கிட்டே இருக்கார்."

"நல்ல பேரா?"

பையன் சிரித்தான். கிங் வாயைத் திறந்தால் மறுநாள் தலைப்புச் செய்தி. சின்ன வயதில் பெற்றோரோடு எல்லை தாண்டி வந்து, உரிய பேப்பர் இல்லாமல் அங்கேயே வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி 2013-இல் பேசினார். அவர்களில் நன்றாகப் படிக்கிறவன் ஒருவன் என்றால், கஞ்சா மூட்டை சுமந்து கெண்டைக்கால் முலாம்பழம் மாதிரி பருத்தவன் நூறு பேர் என்ற பாணியில்! 2017-இல், அடுத்தவர் குழந்தைகளை வைத்து நம் நாகரிகத்தை மீட்க முடியாது என்று எழுதினார். கண்டனம் வரும், போகும். கிங் மட்டும் போகமாட்டார். 2016 தேர்தலில் 22 சதவிகித வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

"அப்ப ஜனங்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கா?"

"நெறைய பேருக்குப் பிடிக்காது மாமா. ஆனா ஓட்டு மட்டும் விழும்."

"அதெப்படிடா?"

"பெரிய மாமாவைப் பத்தி நீங்க வீட்ல என்னெல்லாம் சொல்றீங்க? அதையே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னா சும்மா விடுவீங்களா?"

மடக்கிவிட்டான். என் அண்ணனைத் திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர் திட்டினால் நான் அண்ணன் கட்சி. அந்தத் தொகுதியின் அரசியலும் அதேதான். எம்.பி.யைக் குறை சொல்வது வேறு, எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஆறு ஓடுகிறது.

ஆறரை அடி பௌலர்

அந்த ஆற்றை நீந்திக் கடக்கலாம் என்று அந்த வருஷம் இறங்கியவர் ஜே.டி. ஷோல்ட்டன். டெமாக்ரடிக் கட்சி. ஆறரை அடி உயரம். தொழில்? பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுவது. ஸூ சிட்டியில் வளர்ந்து பல நாடுகளில் ஆடிவிட்டு, பிறகு ஒரு வக்கீல் அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஊருக்குத் திரும்பி வந்து 'நான் நிற்கிறேன்' என்றார்.

ஊரே உச்சுக்கொட்டியிருக்கும். 2016-இல் அந்தத் தொகுதியில் டிரம்ப்புக்குக் கிடைத்த முன்னிலை 27 சதவிகிதம். அங்கே டெமாக்ரடிக் வேட்பாளராக நிற்பது, மாமியார் வீட்டில் போய் மாமியார் சமையலைக் குறை சொல்வதற்குச் சமம்.

தொகுதியில் 39 கவுண்ட்டிகள். கவுண்ட்டி என்றால் சின்ன மாவட்டம் மாதிரி. ஷோல்ட்டன் ஒரு பழைய வின்னபேகோ வண்டியைப் பிடித்தார். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. அந்தக் கம்பெனி பிறந்ததே அந்தத் தொகுதியில் உள்ள ஃபாரஸ்ட் சிட்டியில்தான். வண்டிக்குப் பெயர் 'ஸூ சிட்டி ஸூ', ஒரு பழைய பாட்டின் பெயர். அதிலேயே சுற்றினார். 39 கவுண்ட்டியையும் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

போன இடத்திலெல்லாம் என்ன பேசினார் என்பதுதான் முக்கியம். கிங் இப்படிச் சொன்னார், அப்படிச் சொன்னார் என்று ஒப்பாரி வைக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. விவசாயியிடம் விதை விலை பேசினார். விதையும் உரமும் விற்கிற கம்பெனிகள் ஒன்றை ஒன்று விழுங்கி நாலைந்தாகிவிட்டால் விவசாயி யாரிடம் பேரம் பேசுவான் என்று கேட்டார். வைத்தியச் செலவைப் பற்றிப் பேசினார். அந்த ஜூலையில்தான் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவிகித வரி போட்டிருந்தது. சோயா விவசாயியின் வயிறு கலங்கிக்கொண்டிருந்த நேரம்.

கிங் அவரோடு ஒரே மேடையில் விவாதத்துக்கு வரவில்லை. 'இந்தப் பையனோடு எனக்கென்ன பேச்சு' என்கிற தோரணை. ஆனால் கடைசி வாரத்தில் காற்று மாறியது. வெண்ணெய்க்குப் பேர்போன லேண்ட் ஓ லேக்ஸ் நிறுவனம், இனிமேல் கிங்குக்கு ஆதரவு கிடையாது என்றது. அவர் கட்சியின் காங்கிரஸ் தேர்தல் கமிட்டித் தலைவரே அவரைக் கண்டித்து அறிக்கை விட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே வெண்ணெயே தாழியை விட்டு இறங்கிவிட்டது!

2018 நவம்பரில் ரிசல்ட். கிங்குக்கு 50 சதவிகிதம், ஷோல்ட்டனுக்கு 47. சுமார் 10,000 ஓட்டில் கிங் தப்பித்தார்.

தோல்வி தோல்விதான். ஆனால் 22 எங்கே, 3 எங்கே?

உள்ளே திறந்த கதவு

இனிதான் வேடிக்கை.

2019 ஜனவரி 9. ஓட்டு எண்ணி இரண்டு மாதம்தான். கிங்கின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த மாநில செனட்டர் ராண்டி ஃபீன்ஸ்ட்ரா, '2020 பிரைமரியில் கிங்கை எதிர்த்து நிற்கிறேன்' என்று அறிவித்தார். மறுநாள் ஜனவரி 10. நியூயார்க் டைம்ஸில் கிங்கின் பேட்டி வெளிவந்தது. வெள்ளை இன ஆதிக்கம் என்ற சொல் எப்படிக் கெட்ட வார்த்தையாயிற்று என்று கேட்கிற தொனியில் பேசியிருந்தார். நாடே கொந்தளித்தது. ஜனவரி 14 அன்று அவர் கட்சி அவரை எல்லாக் கமிட்டிகளிலிருந்தும் தூக்கியது. மறுநாள் சபையில் வெள்ளை இன ஆதிக்கத்தைக் கண்டித்துத் தீர்மானம். ஆதரவு 424, எதிர்ப்பு 1. அந்த எதிர்ப்பு ஓட்டு கிங்குடையது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அது 'இந்தக் கண்டனம் போதாது' என்று கோபித்துக்கொண்ட ஒரு டெமாக்ரட். கிங்? தீர்மானத்தை ஆதரித்து ஓட்டுப் போட்டார்!

தேதிகளைக் கவனியுங்கள். பேட்டி வந்து ரகளை ஆனதால் ஃபீன்ஸ்ட்ரா கிளம்பவில்லை. அதற்கு முந்தின நாளே கிளம்பிவிட்டார். 16 வருஷமாகக் கிங் பேசாத பேச்சில்லை, அப்போதெல்லாம் அந்தக் கட்சியிலிருந்து அவரை வீழ்த்துகிற மாதிரி ஒருத்தர் கிளம்பவில்லை. ஷோல்ட்டன் அந்த 3 சதவிகிதத்துக்கு இழுத்துக்கொண்டு வந்த பிறகுதான், 'இவரை விட்டால் சீட்டே போய்விடும்' என்று உள்ளே பயம் பிடித்தது.

ஃபீன்ஸ்ட்ரா தரப்பு பிரைமரியில் பேசியதும் இனப் பேச்சு சரியா தப்பா என்றில்லை. 'விவசாயத் தொகுதிக்கு எம்.பி., அவருக்கு விவசாயக் கமிட்டியில் நாற்காலி இல்லை. இவரால் நமக்கு என்ன பிரயோஜனம்?' இது சோளம் விதைக்கிறவனுக்குப் புரிகிற பாஷை. 2020 ஜூன் 2 பிரைமரியில் ஃபீன்ஸ்ட்ராவுக்குச் சுமார் 46 சதவிகிதம், கிங்குக்கு 36. ஒன்பது தேர்தல் ஜெயித்தவர் வீட்டுக்குப் போனார்.

அதே நவம்பரில் ஷோல்ட்டன் மறுபடி நின்றார். அதே ஆள், அதே உழைப்பு. இந்தத் தடவை தொகுதியின் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் போனார். ரிசல்ட்? ஃபீன்ஸ்ட்ரா 62, ஷோல்ட்டன் 38.

மாங்காய் மரத்தை உலுக்கினவர் ஒருத்தர். மடியில் கட்டிக்கொண்டு போனவர் இன்னொருத்தர்.

546

இது ஏதோ ஒரு தொகுதியின் தலையெழுத்து என்று நினைத்தால், மலைப்பக்கம் வாருங்கள். கொலராடோ மாநிலத்தின் மூன்றாவது தொகுதி. பரப்பளவு ஏறக்குறைய நம் தமிழ்நாடு முழுவதும். கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஒரே எம்.பி. தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு கேட்டு முடிப்பதற்குள் பதவிக்காலமே முடிந்துவிடும்.

அங்கே எம்.பி. லாரன் போபர்ட். ரைஃபிள் என்ற ஊரில் ஓட்டல் நடத்தியவர். ஊர்ப் பெயருக்கு மரியாதை செய்வது போல ஓட்டலில் சர்வர் பெண்கள் இடுப்பில் துப்பாக்கியோடு பரிமாறுவார்கள். (பில்லில் தப்பு இருக்கிறது என்று எவன் சொல்வான்?) 2020 பிரைமரியில், ஐந்து முறை ஜெயித்த சொந்தக் கட்சி எம்.பி. ஸ்காட் டிப்டனையே கவிழ்த்தவர். டிப்டனுக்கு டிரம்ப்பின் ஆதரவு இருந்தும் பலிக்கவில்லை.

வாஷிங்டன் போனதும் போபர்ட் தினம் ஒரு சர்ச்சை. 2022-இல் எதிர்த்து நின்றவர் ஆடம் ஃப்ரிஷ். பணக்காரர்கள் பனிச்சறுக்கு விளையாடப் போகிற ஆஸ்பென் நகரின் முன்னாள் கவுன்சிலர். அந்த மாட்டுப் பண்ணைத் தொகுதியில் 'ஆஸ்பென்' என்றாலே முகம் சுளிப்பார்கள். சொந்தக் கட்சிப் பிரைமரியையே 300-க்கும் குறைவான ஓட்டில் தாண்டி வந்தவர். பத்திரிகைப் பண்டிதர்கள் அவரை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை. அவரோ வண்டி எடுத்துக்கொண்டு மலை மலையாக ஏறினார்.

மூன்றேகால் லட்சத்துக்கு மேல் விழுந்த ஓட்டில், மறு எண்ணிக்கைக்கும் பிறகு போபர்ட் ஜெயித்த வித்தியாசம் 546. ஒரு நடுத்தரக் கல்யாணத்தில் ரிசப்ஷன் டிபன் சாப்பிடுகிற கூட்டம்!

அப்புறம்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். 2023-இல் போபர்ட்டின் கட்சியிலிருந்தே ஜெஃப் ஹர்ட் என்ற வக்கீல் பிரைமரிக்குக் கிளம்பினார். ஃப்ரிஷ் மறுபடி களத்தில் இறங்க, நன்கொடை கொட்டியது. டிசம்பர் கடைசியில் போபர்ட், மாநிலத்தின் மறுகோடியில் தன் கட்சிக்கு இன்னும் பத்திரமான நான்காவது தொகுதிக்கு மாறுவதாக அறிவித்தார். தொகுதி மாறுவது நம் தலைவர்களின் தனிச் சொத்து என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். 2024-இல் அங்கே நின்று ஜெயித்தும் விட்டார்.

பழைய தொகுதியில் ஃப்ரிஷ்ஷுக்கு எதிரே நின்றது சத்தம் போடாத ஹர்ட். ஃப்ரிஷ் 5 சதவிகிதத்தில் தோற்றார். எந்த எம்.பி.யை ஓட்ட வேண்டும் என்று வந்தாரோ அவர் ஓடிவிட்டார். அவர் ஓடியதாலேயே இவர் தோற்றார்.

அப்போ ஜெயிக்கவே முடியாதா?

முடியும். 1994-இல் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே, கோதுமை விளைகிற ஸ்போகேன் பகுதியில் டாம் ஃபோலி தோற்றாரே! 30 வருஷ எம்.பி., அதுவும் சபாநாயகர். பதவியில் இருக்கிற சபாநாயகர் சொந்தத் தொகுதியில் தோற்றது 1862-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஒருவர் இத்தனை தடவைதான் எம்.பி.யாக இருக்கலாம் என்று அந்த மாநில மக்கள் 1992-இல் ஓட்டுப் போட்டுச் சட்டம் செய்தார்கள். ஃபோலி அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். ஜனங்களுக்குச் சுருக்கென்றது. எதிர்த்து நின்ற ஜார்ஜ் நெதர்கட், 'நான் மூன்று தடவைக்கு மேல் இருக்கமாட்டேன்' என்று சத்தியம் செய்து சுமார் 4,000 ஓட்டில் ஜெயித்தார்.

ஆனால் அந்த வருஷம் நாடு முழுக்க ரிபப்ளிகன் அலை. தொகுதியும் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஆற்றோட்டம் போகிற திசையில் நீந்தினார், கரை சேர்ந்தார். (மூன்று தடவை சத்தியம் என்ன ஆயிற்று? ஐந்து தடவை இருந்தார்.)

சவால் விடுகிறவர்களுக்கு நாலு வார்த்தை

1. சிட்டிங் எம்.பி.யைத் திட்டாதீர்கள். அவருக்கு நாலு தடவை ஓட்டுப் போட்டவர்தான் எதிரில் நிற்கிறார். எம்.பி.யைத் திட்டினால் அவருடைய புத்தியைத் திட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

2. தோற்கப் போகிற ஊருக்கும் போங்கள். அங்கே நூற்றுக்கு 20 கிடைப்பதை 30 ஆக்கினால், அந்தப் பத்துதான் கடைசியில் 22-ஐ 3 ஆக்குகிறது.

3. உள்ளூர் வயிற்றைப் பேசுங்கள். விதை, தண்ணீர், ஆஸ்பத்திரி. கொள்கை அப்புறம்.

4. கைத்தொழிலை விட்டுவிடாதீர்கள். தேவைப்படும்.

என் தங்கை மகனுக்குப் போன் போட்டு இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். "அப்ப ஷோல்ட்டன் உழைச்சது தண்டம்தானே மாமா?" என்றான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்த்து நிற்க ஆளே இல்லாத தொகுதியில் எம்.பி. ஊருக்கு வரவேண்டிய அவசியம் இல்லை, யாருக்கும் பதில் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. தோற்பார் என்று ஊரே சொன்ன ஒருத்தர், ஒரு ஓட்டை வண்டியில் மூன்று சுற்று வந்ததால், அத்தனை வருஷமாகச் சொல்ல முடியாமல் இருந்ததைச் சொந்தக் கட்சிக்காரர்களே சொன்னார்கள். கட்சி மாறவில்லை, கொள்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் அவர் பேசிய பேச்சுக்கு ஒரு விலை உண்டு என்று ஒரு தடவையாவது ஆயிற்று. அந்த விலையை வசூலித்தவருக்குக் கமிஷன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஷோல்ட்டன் 2022-இல் ஸூ சிட்டியிலிருந்து மாநிலச் சட்டசபைக்கு ஜெயித்தார். 2024 ஜூலையில் உள்ளூர் டீமான ஸூ சிட்டி எக்ஸ்ப்ளோரர்ஸுக்கு அவசரமாகப் பந்து வீச ஆள் வேண்டியிருந்தது. 44 வயது எம்.எல்.ஏ. போய் நின்றார். ஒரு பழைய கை, ஒரு பழைய மைதானம்.

அந்த மேட்ச்சில் ஜெயித்தார்.